ஆங்கிலம் எங்கே சோறு போடும்?

ஆங்கிலம் படித்தவனுக்கு உலகின் எந்த மூலைக்குச் சென்றாலும் பிழைப்பு உண்டு என்னும் நம்பிக்கை, தமிழ்நாட்டில் ஒரு சமயக் கொள்கையைப் போலவே வேரூன்றிவிட்டது. கருமாரியம்மன் கோவிலால் பெயர்பெற்ற திருவேற்காட்டிலும் அந்நம்பிக்கைக்குக் குறைவில்லை. பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் ஆங்கிலவழிப் பள்ளிகளின் பலகைகள். அவற்றின் இடையிடையே, சில கிழமைகளில் ஆங்கிலம் பேசவைப்பதாக உறுதிகூறும் பயிற்சிக் கூடங்களின் பலகைகள். ஈன்ற தாயை 'அம்மா' என்றழைக்கப் பிள்ளை கூசினாலும் குற்றமில்லை, அயல்நாட்டு மேலாளன் கேட்கும் கேள்விக்கு விடையிறுக்கத் தெரிந்தால் போதும் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். அதற்காக வீட்டுமனையை ஈடுவைத்துக் கடன் வாங்கவும் அவர்கள் அஞ்சுவதில்லை.

ஊர்விட்டு ஊர்சென்று பொருள் தேடுவது வேற்காட்டுக்குப் புதிதன்று. இவ்வூரில் பிறந்த மூர்க்க நாயனார் அடியார்க்குச் சோறிட்டே கைப்பொருளை இழந்தார். பின்னர்ச் சூதாடிப் பொருளீட்டினார். உள்ளூரில் தம்மோடு ஆடுவார் இல்லாமற் போகவே குடந்தைக்குச் சென்றார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அவர் தம் ஆட்டத்தை அறிந்து ஆடியவர். ஆங்கிலம் ஒன்றையே காயாகக் கையிற்கொண்டு இன்று அயல்நாட்டுக்குப் புறப்படும் இளைஞனோ, ஆடப்போகும் ஆட்டம் இன்னதென்றே அறியாதவன்.

இத்தாலி நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பர் 2-ஆம் நாள் இந்தியாவும் இத்தாலியும் குடிபெயர்வு பற்றிய உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. இத்தாலியிற் படித்து முடித்த இந்திய மாணவர் அங்கேயே தங்கிப் பன்னிரண்டு திங்கள் வேலை தேடவும் பயிலவும் அதில் வழி உண்டு. அதே ஆண்டில் இத்தாலிய அரசு, 2023 முதல் 2025 வரையிலான மூன்றாண்டுகளுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து 4,52,000 தொழிலாளர்க்கு இடம் ஒதுக்கியது. தொகை பெரிதுதான். ஆயின் அதன் நடைமுறையை முகவர்கள் விளக்கிச் சொல்வதில்லை. இத்தாலியில் உள்ள ஒரு முதலாளி இன்னாரை வேலைக்கு வைத்துக்கொள்வேன் என்று முதலில் விண்ணப்பித்தல் வேண்டும். இசைவு கிடைத்த பின்னரே நுழைவுச் சீட்டு. அதாவது, போய் வேலை தேடுவதன்று. வேலை கிடைத்த பின் போவது. பாலாடைக்கட்டிக்காக மாடு வளர்க்கும் பண்ணைக்காரனும், வயது முதிர்ந்த தாயைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் குடும்பத்தானும் ஆங்கிலத்தில் உரையாடியா ஆளைத் தெரிவுசெய்வார்கள்?

முகவர்களைப் பற்றி இன்னும் ஒன்று. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, நடுவண் அரசிற் பதிவுபெற்ற முகவரே ஆளனுப்ப முடியும். அவர் பெறத்தக்க கட்டணம் 30,000 உருவாவும் அதன்மேல் வரியுமே. அதற்குமேல் கேட்பவன் எவனாயினும் அவன் சட்டத்தை மீறுபவன்.

எப்படியோ இடம் கிடைத்துப் போய்ச் சேர்ந்தான் என்றே கொள்வோம். வந்த எட்டு வேலைநாள்களுக்குள் தங்குரிமைச் சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அஞ்சலகத்தில் வாங்கும் அப்படிவம் இத்தாலிய மொழியில் இருக்கும். ஓராண்டோ அதற்கு மேலோ தங்குவோர், 2012 மார்ச்சு முதல், ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுதல் வேண்டும். ஈராண்டுக்குள் நாட்டு மொழியை அன்றாடப் பேச்சுக்குப் போதுமான அளவு கற்றுவிடுவேன் என்பது அதன் உறுப்புகளுள் ஒன்று. நெடுங்காலத் தங்குரிமை வேண்டுவோர்க்கு 2010 இறுதியிலிருந்து மொழித்தேர்வு உண்டு. குடியுரிமை வேண்டுவோர்க்கு 2018 இறுதியிலிருந்து அதனினும் உயர்ந்த படியில் தேர்ச்சி வேண்டும். ஊர்தி ஓட்டும் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வு இத்தாலியத்தில்; செருமனும் பிரெஞ்சும் பேசும் எல்லைப்புறத்தார்க்கு அவ்வம்மொழிகளிலும் உண்டு; ஆங்கிலத்தில் இல்லை. செவிலியர்க்கோ, பட்டத்துக்கு அந்நாட்டு நலத்துறையின் ஏற்பும், செவிலியர் மன்றத்திற் பதிவும் வேண்டும்; பதிவுக்கு இத்தாலியம் அறிந்திருத்தல் வேண்டும். நோயாளியின் வலியை அவன் சொல்லும் மொழியில் கேட்டறியாதவளிடம் ஊசியைக் கொடுக்க எந்த நாடு துணியும்? இவற்றையெல்லாம் மொழிவெறி என்று அங்கு யாரும் பழிப்பதில்லை. அப்பழிப்புச் சொல்லைத் தமிழர்க்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் போலும்.

ஆங்கிலத்தால் அங்கு ஒரு வேலையும் கிடைக்காது என்று சொல்வது பொய். திரியெசுத்தே நகரில் 1964-இல் அப்துசு சலாம் நிறுவிய அனைத்துநாட்டு இயற்பியல் நடுவத்தில் ஆங்கிலமே நடைமொழி. உரோமையில் 1951 முதல் இருந்துவரும் உலக உணவு, வேளாண்மை அமைப்பிலும் ஆங்கிலம் செல்லும். குடந்தையிற் பிறந்த மா. சா. சுவாமிநாதன் 1981 முதல் 1985 வரை அதன் மன்றத்துக்குத் தனித்த தலைவராய் இருந்தார். மிலான் நகரின் கணிப்பொறி நிறுவனங்கள் சிலவற்றிலும் ஆங்கிலத்தைக் கொண்டு காலந்தள்ளலாம். ஆனால் இவை தீவுகள். ஆங்கிலத்துக்காகவா அங்கே இடம் கொடுத்தார்கள்? இயற்பியலுக்காகவும் வேளாண்மைக்காகவும் கொடுத்தார்கள். அத்தகைய துறையறிவு உள்ளவனுக்கு ஆங்கிலம் ஒரு கருவி. அஃதில்லாதவனுக்கு வெறும் ஓசை.

மிலான் நகரத்திலேயே நிகழ்ந்த ஒன்றை ஆங்கிலவழிக் கல்வியைப் போற்றுவோர் கருதிப் பார்த்தல் வேண்டும். அந்நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மேற்பட்ட வகுப்புகள் அனைத்தையும் 2014 முதல் ஆங்கிலத்திலேயே நடத்துவதென்று 2012-இல் முடிவுசெய்தது. எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் யார்? வேலையற்ற புலவர்களா? அல்லர், அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களே. வழக்கு ஒவ்வொரு படியாய் ஏறி அரசியலமைப்பு முறைமன்றத்தை எட்டியது. அயல்மொழியிற் சில பாடங்கள் நடத்துவதில் தவறில்லை. ஆனால் ஒரு பாடத்துறை முழுவதிலிருந்தும் நாட்டுமொழியை வெளியேற்றலாகாது என்று 2017-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. ஈண்டோ, அண்ணா பல்கலைக்கழகத்திற் கட்டடவியலும் எந்திரவியலும் தமிழில் நடத்தப்பெறும் என்று 2010-இல் தொடங்கியபோது, அதில் பயின்றால் வேலை கிடைக்குமா என்று முதலில் கேட்டவர்கள் தமிழர்களே!

இனி, வேலைதேடி இத்தாலிக்குச் சென்று வேரூன்றிய தமிழர் யாரென்று பார்ப்போம். அவர்கள் ஆங்கிலம் படித்துச் சென்றவர்கள் அல்லர்; ஈழத்திலிருந்து உயிர்தப்பிச் சென்றவர்கள். 1983 சூலை படுகொலைக்குப் பின் ஈழத்தமிழர் பலர் சிசிலித் தீவின் பலேர்மோ நகரை அடைந்தனர். 1990-ஆம் ஆண்டின் சட்டம், முறையான சீட்டின்றி அந்நாட்டில் இருந்தவர்களுக்குத் தங்குரிமை பெறும் வாய்ப்பைத் தந்தது. அவர்களிற் பெரும்பாலோர்க்குக் கிடைத்தது வீட்டுவேலை: தரை துடைத்தல், சமைத்தல், முதியோரைப் பேணல். படித்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். அவ்வீடுகளில் ஆங்கிலம் எதற்கு உதவும்? எண்பது அகவைப் பாட்டி இத்தாலியங்கூடப் பேசமாட்டாள். அவள் பேசுவது சிசிலியப் பேச்சு. மருந்து வேளையும் உப்பின் அளவும் அப்பேச்சில்தான் வரும். அதனைக் காதாற் கேட்டே கற்றார்கள். அவர்கள் பிள்ளைகள் இத்தாலியப் பள்ளிகளிற் படித்து, கிழமை இறுதியில் தமிழும் படித்தார்கள்.

பலேர்மோவின் காவல் புனிதை உரோசலியா. 1624-இல் பரவிய கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் என்பது அவ்வூரார் நம்பிக்கை. பெல்லெகிரினோ மலைமேல் உள்ள அவள் குகைக்கோவிலுக்குக் கத்தோலிக்கத் தமிழர் மட்டுமின்றிச் சிவநெறித் தமிழரும் ஏறிச் செல்கின்றனர். அம்மை நோய்க்கு அஞ்சி மாரியை வணங்கிய மண்ணிலிருந்து சென்றவர்க்கு, கொள்ளைநோயைத் தடுத்த ஒருத்தி அயலாளாகத் தோன்றவில்லை. அவர்கள் ஊருக்குள் கலந்ததும் இவ்வாறே: ஊரார் வாய்மொழியைக் கற்று, தம் மொழியைக் கைவிடாமல்.

எல்லாம் நன்றாகவே முடிந்ததென்று காட்டுதல் முறையன்று. ஒரு தலைமுறை முழுதும் பிறர் வீட்டு வேலையிலேயே தேய்ந்தது. வேலை போதாமல் வடக்கிலுள்ள ஊர்களுக்குப் பெயர்ந்தவர்களும் பலர். உரோமைக்குத் தெற்கேயுள்ள இலாத்தீனா வட்டத்து வயல்களிற் பஞ்சாபியர் படும் பாடு இன்னும் கொடிது. 2024 சூன் திங்களில், பொறியிற் சிக்கிக் கையிழந்த பஞ்சாபி இளைஞர் ஒருவர், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படாமல் அவர் குடியிருப்பின் முன்னே போடப்பட்டு, பின்னர் இறந்தார். அவ்விறப்புக்குக் கரணியம் மொழியறியாமை என்று கூறுவது கயமை. முதலாளியின் கொடுமையே கரணியம். ஆயினும் கூலி கேட்கவும், ஒப்பந்தத்தைப் படிக்கவும், தொழிற்சங்கத்தில் முறையிடவும் வாயில்லாதவனைத்தான் அக்கொடுமை முதலில் நாடுகின்றது.

தமிழ் நன்கறிந்தவனுக்கு இத்தாலியம் அச்சுறுத்தும் மொழியன்று. எழுதியவாறே படிக்கலாம், சொற்களிற் பெரும்பாலன உயிரெழுத்தில் முடிவன. மெய் இரட்டித்தாற் பொருள் மாறும். 'பாலா' என்றால் மண்வாரி, 'பால்லா' என்றால் பந்து. 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் பாட்டன். இவ்வேறுபாட்டை நாவிற் கொண்டுவர ஆங்கிலன் திணறுவான். பலிக்கும் பல்லிக்கும், படுவுக்கும் பட்டுக்கும் வேறுபாடு காட்டியே வளர்ந்த தமிழ்க் குழந்தைக்கு அதிற் கடினம் என்ன? தன் மொழியின் ஓசையும் இலக்கணமும் அறிந்தவனுக்கு அடுத்த மொழி ஒரு படிக்கட்டு. தமிழும் தெளியாமல் ஆங்கிலமும் நிரம்பாமல் ஆங்கிலவழிப் பள்ளியிலிருந்து வெளிவருபவனுக்கோ மூன்றாம் மொழி ஒரு மதில்.

இத்தாலியர் தமிழ்நாட்டுக்கு வேலையாக வந்தபோது என்ன செய்தார்கள்? 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நோபிலி தமிழ் கற்றுத் தமிழிலேயே நூல் எழுதினார். காசுதிலியோனே என்னும் ஊரில் 1680-இற் பிறந்த பெசுகி, தம் முப்பதாம் அகவைக்குப் பின் தமிழ் கற்கத் தொடங்கி, தேம்பாவணி பாடினார். தொன்னூல் விளக்கம் எழுதினார். 1732-இற் சதுரகராதி தொகுத்தார். முதலில் தைரியநாதர் என்று வைத்துக்கொண்ட பெயரை வீரமாமுனிவர் என்று மாற்றிக்கொண்டார். எந்த மக்களிடம் தமக்கு வேலையோ, அந்த மக்களின் மொழியே தமக்குக் கருவி என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அவ்வளவு பின்னோக்கிச் செல்லவும் வேண்டா. வேற்காட்டுக்கு அருகிலுள்ள அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் பீகாரிலிருந்தும் ஒடியாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். ஆங்கிலம் கற்றுக்கொண்டா வந்தார்கள்? தேநீர்க் கடையிலும் பட்டறையிலும் சில திங்களில் தமிழ் பேசக் கற்றுவிடுகிறார்கள். உழைத்துண்ண வந்தவன் கற்கிறான். ஆளவந்தவனைப்போல் நடுவண் அரசு அலுவலகத்திலும் வைப்பகத்திலும் அமர்ந்திருப்பவன்தான் பத்தாண்டாகியும் கற்பதில்லை. இத்தாலி தன் மண்ணுக்கு வருவோரிடம் கேட்பதைத் தமிழ்நாடும் கேட்கலாம். கேட்கத் தொடங்கியும் இருக்கிறது: மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழிப் படித்தோர்க்கு நூற்றுக்கு இருபது விழுக்காடு என்னும் சட்டம் 2010-இல் வந்தது; தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த்தாள் கட்டாயம் என்னும் ஆணை 2021-இல் வந்தது.

அயல்நாடு செல்வோர்க்காக இனிச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. தமிழ்நாட்டரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருந்து வருகின்றது. இத்தாலியத்தைத் தமிழ்வழியே கற்பிக்கும் பாடநூல் ஒன்றையும், இத்தாலிய-தமிழ் அகரமுதலி ஒன்றையும் அஃது அச்சிட்டு, ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும் மாலை வகுப்புகள் நடத்துதல் வேண்டும். கற்பிக்கப் பலேர்மோவில் இரு மொழியும் அறிந்த ஈழத்தமிழ் இளைஞர்கள் இருக்கின்றனர். ஆங்கிலப் பயிற்சிக்காக வேற்காட்டுப் பெற்றோர் ஓராண்டில் கட்டும் பணத்தில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.