‘வேண்டுமாம்’: கொரிய மொழி கற்பித்தலில் தமிழிலக்கணத்தின் இடம்

ஹோமர் ஹல்பர்ட் 1905ஆம் ஆண்டிலேயே கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு இலக்கண நூலொன்று எழுதினார். அவ்வொப்பீடு இன்று நம்மிடையே ‘அம்மா’, ‘அப்பா’ என்னும் சொற்பட்டியலாகச் சுருங்கிவிட்டது. உலக மொழிகள் பலவற்றின் மழலையில் தோன்றும் சொற்களைக் கொண்டு மொழியுறவை நாட்டுதல் இயலாது. ஆராயத்தக்கது தொடரமைப்பே.

சென்னை இராசா அண்ணாமலைபுரத்து இன்கோ மையம் முதலிய இடங்களில் கொரிய மொழி கற்பிக்கப்படுகிறது. கற்போர் நாடும் இலக்கண விளக்கங்களோ பெரும்பாலும் ஆங்கில வழியின. ஆங்கிலத்தில் தன் விருப்பத்தையும் பிறர் விருப்பத்தையும் ஒரே வினை சுட்டும். கொரிய மொழி இவற்றைப் பிரிக்கிறது. தன்மைக்குக் ‘காகொ சிப்தா’ (போக வேண்டும்) என்பது வரும். வினாவாயின் முன்னிலைக்கும் இதுவே. படர்க்கைக்குக் ‘காகொ சிபொஹாதா’ என வேறு வடிவம் வேண்டும். பிறர் உள்ளம் புறத்தே புலப்படும் அளவிலேயே அறியப்படும் என்பது இதன் அடிப்படை. தமிழ் மாணவர்க்கு இக்கருத்துப் புதிதன்று. மயிலாப்பூர் வீடொன்றில் விருந்தினர் விருப்பத்தை அடுக்களைக்குத் தெரிவிப்பவர் ‘அவருக்குக் காப்பி வேண்டுமாம்’ என்பார். நம் ‘ஆம்’ கேட்டறிந்ததைக் குறிக்கும். கொரிய ‘ஹாதா’ கண்டறிந்ததைக் குறிக்கும். இரண்டும் ஒன்றல்ல, எனினும் ஆங்கிலம் மறைக்கும் எல்லைக்கோட்டை இரண்டுமே காட்டுகின்றன.

இயல்பான அழைப்பில் நிலைமை மாறுகிறது. இங்குத் தமிழே இடறச் செய்யும். ‘போகலாமா?’ என்பது உடன்வர அழைக்கவும் இசைவு கேட்கவும் பயன்படுகிறது. கொரிய மொழியில் ‘கால்க்காயோ?’ என்பது இருவரும் சேர்ந்து போதலைக் குறித்துக் கேட்போர் கருத்தை வினவும், ‘கால்லேயோ?’ அவர்தம் விருப்பத்தையே நேரே வினவுவதால் மூத்தோரிடம் சற்று உரிமை மிகுந்து ஒலிக்கும். இசைவு கேட்க இவ்விரண்டும் பொருந்தா, ‘காதோ தேயோ?’ என்றே கேட்டல் வேண்டும். ‘போகலாமா?’ என்பதை அப்படியே பெயர்க்கும் மாணவர் எங்குப் பிழைப்பார் என்பதை ஆங்கில வழி நூல் முன்னுணர இயலாது.

வினைவடிவை இடத்தால் வரையறுத்தல் நம் மரபு நன்கறிந்தது. வியங்கோள் தன்மை, முன்னிலைகளில் நிலைபெறாது எனத் தொல்காப்பியர் விலக்க, நன்னூலார் எல்லா இடத்திற்கும் உரியதாக்கினார். இத்தகைய வினாக்களில் பயின்ற தமிழ்த்துறைகள், தமிழ்வழிக் கொரிய இலக்கணம் எழுதும் பணியை அயல்மொழித்துறைகளுக்கே உரியதென விட்டுவைத்தல் தகாது. விருப்ப வினை, அழைப்பு வினை ஆகிய இரண்டு இயல்களோடேனும் அப்பணியைத் தொடங்கலாம்.