ராஜாதித்தரை ஏமாளி ஆக்காதீங்க!

டிஸ்கி: சோழ ரசிகர்களுக்குக் கொஞ்சம் கோபம் வரலாம். நானும் சோழ ரசிகன்தான். அதனாலதான் எழுதுறேன்.

எங்க அபார்ட்மெண்ட் தமிழ்க் குடும்பங்களோட வாட்ஸப் குழுவுல போன மாசம் மறுபடியும் அது வந்துடுச்சு. காவிரியில தண்ணி குறையும்போதெல்லாம் எங்கிருந்தோ கிளம்பி வர்ற சமாச்சாரம் அது. தக்கோலப் போர்ல சோழ இளவரசர் ராஜாதித்தரை கங்க மன்னன் பூதுகன் நயவஞ்சகமாக் குத்திக் கொன்னுட்டானாம், அன்னைக்கு ஆரம்பிச்ச துரோகம் இன்னைக்கு வரைக்கும் தொடருதாம். கீழே வரிசையா கோப மூஞ்சிகள். கைதட்டல்கள்.

நானும் ஒரு காலத்துல கைதட்டினவன்தான். அதுக்கு நான் கொடுத்த விலையைச் சொல்றேன்.

மூணு வருஷம் முன்னாடி, ராத்திரிக் கதை நேரத்துல இந்தக் கதையை நல்ல மசாலா சேர்த்து என் பொண்ணுக்குச் சொன்னேன். அப்போ அவ ஆறாம் வகுப்பு. மறுநாள் அவ போய் எதிர் வீட்டுத் தோழிகிட்ட, "நிம்ம ராஜா மோச மாடிதா"ன்னு சொல்லியிருக்கா. உங்க ராஜா ஏமாத்திட்டான்னு அர்த்தம். அந்தப் பொண்ணு மூணு நாள் எங்க வீட்டுப் பக்கமே வரலை. அவங்க அப்பா மண்டியாக்காரர். 2016 செப்டம்பர்ல ஊரே பத்தி எரிஞ்சப்போ, "ஸார், நீங்க வெளிய வராதீங்க"ன்னு சொல்லி எங்களுக்குப் பாலும் காய்கறியும் வாங்கிட்டு வந்து கொடுத்தவர். அவர் முகத்தை எப்படிப் பார்க்கிறது?

நானே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபிச்சுக்கலை. "அந்தக் கல்லு எங்க ஊர்ப் பக்கம் ஆதகூர்ல கெடச்சது. இப்போ இங்கதான் இருக்கு, வாங்க பார்க்கலாம்"னார். ஞாயித்துக்கிழமை ரெண்டு குடும்பமும் கஸ்தூர்பா ரோடு சிவப்புக் கட்டிடத்துக்கு, அதாவது அரசு அருங்காட்சியகத்துக்குப் போனோம்.

அங்க முதல்ல கண்ணுல பட்டது ராஜாவும் இல்லை, யானையும் இல்லை. ஒரு நாயும் காட்டுப்பன்னியும் சண்டை போடுற சிற்பம்!

கதை இதுதான். தக்கோலம் நம்ம அரக்கோணம் பக்கத்துல இருக்கிற ஊர். 949ல அங்க பராந்தகச் சோழரோட மகன் ராஜாதித்தருக்கும் ராஷ்டிரகூட மன்னன் மூணாம் கிருஷ்ணனுக்கும் பெரிய போர். கிருஷ்ணனோட மச்சான் பூதுகன், அவன் பக்கம் நின்னான். ஜெயிச்ச பிறகு பூதுகனுக்கு வனவாசி 12000 உட்பட பல நாடுகள் பரிசு. அவன்கிட்ட மணலேரன்னு ஒரு வீரன். அவன் கேட்ட பரிசு, கிருஷ்ணனோட வேட்டை நாய் காளி. அந்த நாய் பின்னாடி ஒரு பன்னியோட மோதி, ரெண்டும் செத்துப்போச்சு. நாய்க்காக நட்ட கல்லுதான் அது. நம்ம இளவரசர் இறந்த சேதி அதே கல்லுல வெட்டியிருக்கு.

சரி, கல்லு என்ன சொல்லுது? அம்பாரியையே போர்க்களமாக்கி, குத்துவாளால பொருது பூதுகன் ராஜாதித்தரைக் கொன்னான்கிற பொருள்ல சொல்லுது. யானை மேல ஏறி, எதிராளிக்கு ஒரு முழம் தூரத்துல நடந்த ஒத்தைக்கு ஒத்தை சண்டை. அப்போ 'வஞ்சகம்' எங்கிருந்து வந்துச்சு? பத்தொன்பதாம் நூற்றாண்டு இறுதியில இதை ஆங்கிலத்துல பெயர்த்தப்போ முதல்ல அந்த அர்த்தத்துல படிச்சுட்டாங்க. அந்த வாசிப்பைப் பிற்பாடு திருத்தியாச்சு. திருத்தி நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் நம்ம குழுவுக்கு மட்டும் அந்தத் திருத்தம் வந்து சேரலை.

"ஜெயிச்சவன் தன் துரோகத்தைத் தானே கல்லுல வெட்டுவானா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. சரி, தோத்தவங்க ஏட்டைப் பார்ப்போம். ராஜராஜர் கொடுத்த தானத்தை ராஜேந்திரர் காலத்துல வெட்டி வெச்ச ஆனைமங்கலச் செப்பேடு இருக்கே, லெய்டன் செப்பேடுன்னு சொல்றோமே, அதுல என்ன இருக்கு? ராஜாதித்தர் தன் அம்புகளால கிருஷ்ணனோட படையைக் கலங்கடிச்சார், யானை மேல இருந்தபடியே எதிரியோட கூரிய அம்பு நெஞ்சுல பாய்ஞ்சு வீர சொர்க்கம் போனார். அவ்வளவுதான். துரோகம்னு ஒரு புகார் கிடையாது.

இதை வெட்டினப்போ சோழர்கள் யாருக்கும் பயந்தவங்க இல்லை. ராஷ்டிரகூட வம்சமே அப்போ முடிஞ்சு போயிருந்தது. வஞ்சகம்னு எழுதணும்னா தாராளமா எழுதியிருக்கலாம். எழுதலை. குத்துவாளா அம்பாங்கிறதுல ரெண்டு தரப்புக்கும் பேச்சு மாறுது. வஞ்சகம்னு மட்டும் ரெண்டு பேருமே சொல்லலை. பெரிய தாத்தாவை இழந்த ராஜராஜர் வீட்டுக்கு இல்லாத மனக்குறை, ஆயிரம் வருஷம் கழிச்சு ஒயிட்ஃபீல்டுல ஃபில்டர் காபி குடிச்சிட்டிருக்கிற நமக்கு எதுக்கு?

இன்னொண்ணையும் யோசிங்க. யானை மேல நின்னு, கடைசி வரைக்கும் இறங்காம செத்தவர் அவர். 'ஆனை மேல் துஞ்சின தேவர்'னு நம்ம முன்னோர் பட்டப் பேரே கொடுத்தாங்க. துரோகத்துல செத்தார்னு சொல்றப்போ அவரைப் பெரிய ஆளாக்குறதா நெனைக்கிறோம். உண்மையில ஏமாளி ஆக்குறோம்.

ஊருக்கு ஊர் ஒத்தைச் சண்டைக்கு ஒரு மரபு உண்டு. மைசூர் தசராவுல இன்னைக்கும் வஜ்ரமுஷ்டி நடக்குது. ஜெட்டிகள் மோதுவாங்க, தலையில முதல் துளி ரத்தம் வந்ததும் சண்டை முடிஞ்சது. கல்கத்தாவுல 1780ல கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸும் அவர் சபை உறுப்பினர் பிரான்சிஸும் துப்பாக்கியால சுட்டுக்கிட்டாங்க. காயம் பட்டது பிரான்சிஸுக்கு. மலபார்ல 'அங்கம்'. ரெண்டு பெரிய மனுஷங்க வழக்குக்கு, அவங்கவங்க சார்பா சேகவர் மேடையேறி வெட்டிக்குவாங்க. அங்கேயும் ஒரு துரோகக் கதை உண்டு. சந்து, ஆரோமல் சேகவரோட வாள்ல இரும்பாணிக்குப் பதிலா மரத்தாணி வைக்கச் செஞ்சான்னு வடக்கன் பாட்டு சொல்லும். 'சதியன் சந்து'ன்னே பேர். ஆனா 1989ல எம்.டி. வாசுதேவன் நாயர் 'ஒரு வடக்கன் வீரகதா'வுல அதே கதையைச் சந்து பக்கத்துல நின்னு சொன்னார். மம்முட்டி நடிச்சார். மலையாளிகள் அந்தப் படத்தைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடினாங்க.

நம்ம மரபு இதுக்கெல்லாம் மேல போகும். வெண்ணிப் போர்ல கரிகாலன் ஜெயிச்சான். முதுகுல புண் பட்டதுக்கு நாணி சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிரை விட்டான். அப்போ வெண்ணிக் குயத்தியார், ஜெயிச்ச கரிகாலன்கிட்டயே, உன்னை விட அவன் நல்லவன் இல்லையான்னு புறநானூற்றுல கேட்டாங்க. ஜெயிச்ச ராஜாவை நேருக்கு நேர் பார்த்து, தோத்தவனைப் புகழ்ந்த மரபு நம்மளது. அதை வாட்ஸப்புல தொலைக்கலாமா?

கன்னட நண்பர்களுக்கும் இதே பேச்சுதான். "உங்க சோழனை எங்காளு சாய்ச்சான்"னு மீசை முறுக்குறவங்க, பூதுகன் பேரைச் சுமக்கிற அந்தக் கல்லு ஒரு நாய்க்கு நட்டதுன்னு மறந்துட வேண்டாம். :-)

2025ல தக்கோலத்துல இருக்கிற மத்திய தொழிற் பாதுகாப்புப் படைப் பயிற்சி மையத்துக்கு ராஜாதித்தர் பேரை வெச்சாங்க. சந்தோஷம். கூடவே, நம்ம பிள்ளைகளுக்கு அவர் கதையை ஒழுங்காச் சொல்லிட்டா இன்னும் சந்தோஷம்.

அன்னைக்கு ரெண்டு பொண்ணுங்களும் அந்தக் கல்லு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. ராஜாக்களைப் பத்தி ஒரு பேச்சும் இல்லை. "பாவம் நாய்"னு இவ. "பாபா, ஹந்தியும் பாவம்"னு அவ. திரும்பி வர்ற வழியில ரெண்டு பேரும் ஒரே ஐஸ்க்ரீமை மாத்தி மாத்திச் சாப்பிட்டாங்க.

போன மாசம் குழுவுல வந்ததுக்குக் கீழே இந்தக் கல்லோட படத்தைப் போட்டு, ரெண்டு பக்கத்து ஏடும் என்ன சொல்லுதுன்னு நாலு வரி எழுதினேன். ஒருத்தர் என்னைக் 'கன்னட அடிவருடி'ன்னார். ரெண்டு பேர் தனியாக் கூப்பிட்டு, "பசங்களைக் கூட்டிட்டுப் போகணும், எந்த ரோடு சொன்னீங்க?"ன்னு கேட்டாங்க.

அந்த ரெண்டு பேர் போதும்.