மோட்டாருக்கும் குலம் கோத்திரமா?

பிறப்பைக் கொண்டு உயர்வு தாழ்வு கற்பிப்பது அறிவீனம் என்று நம்மவர் பேசத் தொடங்கி நெடுங்காலம் ஆயிற்று. மேடையில் அதைக் கேட்டுக் கைதட்டுகிறோம். வீட்டில் பாதியும் வெளியில் பாதியுமாகக் கடைப்பிடிக்கிறோம். ஆனால் மனிதனை விட்டு ஒழிய வேண்டுமென்று நாம் கூறும் குலமும் கோத்திரமும், இரும்பாலும் தோலாலும் ஆன மோட்டார் வண்டியின் மேல் ஏறி அமர்ந்திருப்பதைப் பலர் கவனித்தாரில்லை.

பழைய உயர்தர மோட்டார் ஒன்று ஏலத்திற்கு வருமாயின், அது நன்றாய் ஓடுமா என்பது மட்டுமா கேள்வி? "இதனை முதலில் வாங்கிய சீமான் யார்? பிறகு யார் கைக்குப் போயிற்று?" என்பதன்றோ பெருங்கேள்வி! உடையவர் வரிசை அறுபடாதிருந்தால் விலை ஏறுகிறது. இடையில் அறுந்தால் இறங்குகிறது. இந்த வமிசாவளியைத்தான் வண்டியின் சரித்திரம் என்கின்றனர். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இது ஒருபுறம் மட்டும் எழுதப்பட்ட பேரேடாகவே தோன்றுகிறது. பொருள் யாரிடம் சேர்ந்தது என்பது அதில் உண்டு. அது யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பது இல்லை.

உதாரணம் ஒன்று காண்போம். பிரான்ஸ் தேசத்தின் அல்சாஸ் பகுதியில், மோல்ஷைம் என்னும் ஊரில் தொழிற்சாலை நடத்திய எட்டோரே புகாட்டி என்பார், மன்னர்களுக்கென்றே 'ரோயால்' என்னும் வண்டியைச் சமைத்தார். எட்டு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த அதன் யந்திரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 12.7 லிட்டர். நீளம் 6 மீட்டருக்கு மேல். நிறை 3 டன்னுக்கு மேல். முகப்பில் துதிக்கையை உயர்த்தி நிமிர்ந்து நிற்கும் யானை, அவருடைய தம்பியும் சிற்பியுமான ரெம்பிராண்ட் புகாட்டி வடித்தது. 25 வண்டிகள் செய்வதாக எண்ணம். ஆனால் 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் அந்த எண்ணத்தை விழுங்கிற்று. இன்று எஞ்சியிருப்பவை 6. அந்நாளில் விலைபோனவை 3 மட்டுமே. அவற்றை வாங்கியோருள் ஒரு மன்னரும் இல்லை.

அம்மூன்றில் ஒன்றின் வமிசாவளியைப் படிப்போம். லண்டன் பார்க் வார்டு கம்பெனியார் மேற்கூடு அமைத்த அவ்வண்டியை 1933-இல் பெற்றவர் கேப்டன் கத்பர்ட் பாஸ்டர். 1946-இல் அது ஜாக் லெமன் பர்ட்டன் என்பவரிடம் போயிற்று. 1956-இல் கடல் கடந்து, அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்து ஜான் ஷேக்ஸ்பியர் என்பாரை அடைந்தது. 1964-இல் அவர் மொத்தமாக விற்ற 30 புகாட்டி வண்டிகளுள் ஒன்றாக மீண்டும் அல்சாஸுக்கு வந்து, மூலூஸ் நகரைச் சேர்ந்தது. அங்கே அதை வாங்கியவர்கள் ஹான்ஸ், பிரிட்ஸ் என்னும் ஷ்லும்ப் சகோதரர்கள். இழை அறுபடாத பரம்பரை! ரசிகர்கள் இதைப் படித்து மெய்சிலிர்க்கின்றனர்.

நாம் கேட்பது ஒன்றுதான். அந்தச் சகோதரர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

அவர்கள் கம்பளி நூற்பாலைகளின் முதலாளிகள். ஆலையில் நூல் நூற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். அந்த நூலில் விளைந்த பொருளே வண்டிகளாக மாறி, மூலூஸில் ஒரு பழைய ஆலையின் மதிலுக்குள் வரிசை வரிசையாக நின்றது. வண்டிகளைப் புதுப்பித்த கம்மியர்கள் உள்ளே கண்டதை வெளியே சொல்லலாகாது என்பது கட்டளை. 1976-இல் ஆலைகள் நொடித்தன. தொழிலாளர் வேலையிழந்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சகோதரர் இருவரும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போய்விட்டனர். 1977 மார்ச் 7-ஆம் தேதி தொழிற்சங்கத்தார் அம்மதிலுக்குள் புகுந்தனர். அங்கே அழகிய விளக்குக் கம்பங்களின் வரிசைகளுக்கு நடுவே, 400-க்கு மேற்பட்ட மோட்டார்கள் பளபளத்து நின்றன. சம்பளத்திற்கு வழியின்றி வந்தவர்கள் தங்கள் சம்பளம் சக்கரம் பூட்டி நிற்பதைக் கண்டனர்.

அவர்கள் செய்தது என்ன? ஆத்திரத்தில் சிறு வண்டி ஒன்றைக் கொளுத்தியது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மற்றவற்றை உடைத்தார்களில்லை, பிரித்து விற்றார்களுமில்லை. அவ்விடத்திற்குத் 'தொழிலாளர் ஆலை' என்று பெயரிட்டு, இரண்டாண்டுக் காலம் காவல் காத்து, பொதுமக்கள் வந்து காணும்படி கதவைத் திறந்து வைத்தனர். 1978-இல் பிரெஞ்சு அரசு அத்தொகுதியைச் சரித்திரச் சின்னமாகப் பாதுகாத்தது. 1982-இல் அது தேசிய மோட்டார் அருங்காட்சியகமாயிற்று. மதிலுக்குள் இரகசியமாய் இருந்ததை உலகத்தின் உடைமையாக்கியவர்கள் நூல் நூற்ற கைகளுக்குரியவர்கள். இன்று அந்த அருங்காட்சியகம் தாங்கியுள்ள பெயரில் யாருக்கு இடம் கிடைத்திருக்கிறது? 'ஷ்லும்ப் தொகுதி' என்று முதலாளிகளுக்குக் கிடைத்திருக்கிறது. 'தொழிலாளர் ஆலை' என்ற பெயர் உதிர்ந்து போயிற்று.

"சகோதரர்கள் வாங்கியிராவிட்டால் இவையெல்லாம் பழைய இரும்புக் கடைக்கன்றோ போயிருக்கும்!" என்பர் சிலர். அந்த அச்சம் பொய்யன்று. 1932-இல் ஜெர்மானிய வைத்தியர் ஒருவர் வாங்கிய ரோயால் வண்டி, பின்னர் நியூயார்க்கில் கழிவு இரும்புக் குவியலிடையே கிடந்தது. அதைக் காப்பாற்றியவர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் ஊழியம் புரிந்த சார்லஸ் செய்ன் என்னும் யந்திர நிபுணர். அவர் அதைச் செப்பனிட்டு ஓட்டி, முடிவில் ஹென்றி போர்டு அருங்காட்சியகத்திற்கு வழங்கிவிட்டார். ஆகவே, அரிய பொருளைக் காப்பதற்கு ஆயிரம் பேருடைய சோற்றில் மண் விழவேண்டும் என்பது இயற்கை விதியன்று. காப்பதைக் குறை கூறவில்லை. காத்ததற்கான செலவு யார் கணக்கில் விழுந்தது என்பதை மறைப்பதையே குறை கூறுகிறோம்.

ரோயாலின் சரித்திரத்தில் இன்னொரு கிளையுண்டு. ரசிகர்கள் அதைச் சுருக்கமாகவே சொல்லி நகர்வர். மன்னர் வாங்காத வண்டியின் யந்திரத்தைப் புகாட்டி ரயில் வண்டியில் பொருத்தினார். ஒரு வண்டிக்கு 2 அல்லது 4 யந்திரங்கள். 1933 முதல் 1958 வரை அவை பிரான்ஸ் நாட்டில் பிரயாணிகளைச் சுமந்து ஓடின. 1934-இல் மணிக்கு 196 கிலோமீட்டர் வேகத்தை எட்டின. அரசருக்கென்று பிறந்து வாங்குவாரின்றி நின்ற யந்திரம், டிக்கெட்டு வாங்கிய சாதாரண ஜனங்களைச் சுமந்தபோதுதான் முழு வேலை செய்தது. குலப் பெருமை பேசுவோருக்கு இது கசக்கும்.

இனி, அந்த வண்டிகள் எதன்மீது ஓடின? ரப்பர் டயர்களின் மீது. அந்நாளில் உலகிலேயே மிகுதியாக ரப்பர் விளைவித்த நாடு மலாயா. இருள் விலகுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பால்மரம் வெட்டி, மங்கு துடைத்து, காண்டா வாளி சுமந்தவர்களுள் நம் முன்னோர் பல்லாயிரவர். ரோயாலை விலைபோகாமல் செய்த அதே மந்தம் ரப்பர் விலையையும் வீழ்த்திற்று. சீமான்கள் வண்டி வாங்கவில்லை என்று பெரிய நூல்கள் எழுதப்பட்டுள்ளன. அதே 1930 முதல் 1932 வரையான ஆண்டுகளில், தோட்டக் கூலி வெட்டப்பட்டு, லட்சத்திற்கு மேற்பட்ட தமிழர் முதலானோர் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனரே, அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? எண் 6 ஆகிய வண்டிகளுக்கு உடையவர் ஒவ்வொருவரின் பெயரும் ஆண்டும் உண்டு. லட்சம் மனிதர்களுக்கு மொத்தத் தொகை மட்டுமே உண்டு.

இதற்கு மூலூஸ் நகரத்தாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் பட்டணத்து இளைஞர் எத்தனையோ பேர் எந்த வண்டி எந்த ராஜாவிடம் இருந்தது என்று மனப்பாடமாய் ஒப்பிக்கின்றனர். தம் பாட்டன் எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் இருந்தான் என்றால் விழிக்கின்றனர். நாம் வேண்டுவன இரண்டு. அருங்காட்சியகங்களில் உடையவர் பெயரெழுதிய பலகையிலேயே, அவ்வுடைமைக்கு உழைத்த ஆலையின் பெயரும், அங்கு நேர்ந்ததும் எழுதப்படல் வேண்டும். நம் தோட்டங்களிலோ, செம்பனை நடவும் வீடு கட்டவும் பழைய ஆபீசுகளை இடிக்கும்போது செக்ரோல் புத்தகங்கள் குப்பைக்குப் போகாமல் காக்கப்படல் வேண்டும். ஒருவன் வந்த ஆண்டும், வெட்டிய நிரையும், வாங்கிய கூலியும் அவற்றிலேதான் இருக்கின்றன. வாசக நேயர்களே, உங்கள் தோட்டத்தில் அத்தகைய ஏடு ஒன்றேனும் எஞ்சியிருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அவர்தம் பெயர்களை எழுதி வையுங்கள்.