திருமுக்கூடல் கல்வெட்டும் தொடக்க வகுப்புக் கணக்கும்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் (ஆட்சிக்காலம் 1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து இயங்கிய கல்விச்சாலைக்கும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலைக்கும், அதாவது மருத்துவமனைக்கும், ஆண்டுதோறும் ஆகும் செலவை ஆள்வாரியாகப் பிரித்துக் காட்டுவது அது. மருத்துவருக்கு 90 கலம் நெல், சல்லியக்கிரியை எனப்பட்ட அறுவை மருத்துவம் செய்பவருக்கு 30, மூலிகை கொண்டுவரும் இருவருக்கு 60, பணிப்பெண்கள் இருவருக்கு 30, நாவிதருக்கு 15 என்று அதன் நெற்கணக்கு செல்கிறது. தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு இதைவிட நல்ல பயிற்சித்தாள் கிடைப்பது அரிது.

இவ்வைந்து எண்களையும் கூட்டினால் 225 கலம் வரும். ஆனால் கூட்டத் தெரிந்த மாணவருக்கு எப்போது கூட்டுவது என்பதும் தெரிந்திருக்கும் என்று கொள்வதற்கில்லை. வாழ்க்கைக் கணக்கு என்பது, ஒரு நிலைமையைச் சொற்களில் விவரித்துவிட்டு, செய்ய வேண்டிய செயலை மாணவரே கண்டறிய விடும் கணக்கு. "மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி" என்னும் குறிப்புச் சொல் முறை அந்தக் கண்டறிதலையே இல்லாமல் செய்துவிடுகிறது. "மருத்துவர் 90 கலம் பெற்றார், இது அறுவை மருத்துவர் பெற்றதைவிட 60 கலம் அதிகம், அறுவை மருத்துவர் பெற்றது எவ்வளவு?" என்று கேட்டால், "அதிகம்" என்ற சொல்லைக் கண்டவுடன் 150 என்று எழுதும் மாணவர், கூட்டலில் தவறவில்லை, வாக்கியத்தைப் படிப்பதில்தான் தவறியிருக்கிறார்.

முழுமையாக்கல், அதாவது ஓர் எண்ணை அதற்கு அண்மையிலுள்ள பத்துக்கோ நூறுக்கோ மாற்றிக்கொள்வது, பெரும்பாலும் "ஐந்தும் அதற்கு மேலும் என்றால் ஏற்று" என்னும் விதியோடு முடிந்துவிடுகிறது. மேற்கண்ட எண்களை நூறுக்கு முழுமையாக்கினால் 100, 0, 100, 0, 0 என்றாகி, மொத்தம் 200 வருகிறது. உண்மையான 225-க்கு அது ஓரளவு நெருக்கம்தான். ஆனால் அறுவை மருத்துவர், பணிப்பெண்கள், நாவிதர் ஆகியோரின் கூலி முழுவதும் மறைந்துபோகிறது. பத்துக்கு முழுமையாக்கினால் 15 மட்டும் 20 ஆகி, மொத்தம் 230 வரும். களஞ்சியத்தில் நெல் போதுமா என்று பார்க்க எந்த மதிப்பீடு உதவும், கூலி அளக்க ஏன் எதுவும் உதவாது என்பதை மாணவர் விவாதித்தால், முழுமையாக்கல் நோக்கத்தைப் பொறுத்தது என்பது தானே விளங்கும்.

இனமாற்றத்துக்கும், அதாவது பத்து ஒன்றுகளை ஒரு பத்தாக மாற்றுவதற்கும், பழைய அளவைகள் துணைபுரியும். 8 நாழி ஒரு குறுணி. 12 குறுணி ஒரு கலம். படுக்கைக்கு ஒரு நாழி வீதம் 15 நாழி என்று வைத்துக்கொண்டால், அது 1 குறுணி 7 நாழி. எட்டிலும் பன்னிரண்டிலும் இனம் மாற்றிப் பார்த்த மாணவருக்கு, "ஒன்றை மேலே போடு" என்பது மந்திரமாக இல்லாமல் பொருளுடையதாகிறது.

ஆகவே, ஒரு பாடவேளைக்கு இருபது கணக்குகள் என்னும் வழக்கத்தை ஐந்தாகக் குறைத்து, நிலைமையைத் தம் சொற்களில் சொல்லி, விடையை உத்தேசமாக மதிப்பிட்ட பின்னரே மாணவர்கள் பென்சிலை எடுக்கும்படி ஆசிரியர்கள் பயிற்சியை அமைக்க வேண்டும். கிடைத்த விடையை அந்த உத்தேசத்தோடு ஒப்பிடும் வரை எந்தக் கணக்கையும் முடிந்ததாகக் கொள்ளலாகாது.