பல்கலைக்கழகம் ஊருக்கு வந்தது. சேரிக்கு எப்போது வரும்?

சிதம்பரத்தில் இரண்டு கல்வி நிறுவனங்கள் நூறாண்டு அளவாக அருகருகே இருக்கின்றன. ஒன்று, சுவாமி சகஜானந்தா 1916-ல் நம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நந்தனார் பள்ளி. மற்றொன்று, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். தொழிலோ தலைநகரோ இல்லாத ஒரு வட்டாரத்தில் இப்படி ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது பெரிய செய்திதான். பின்தங்கிய வட்டாரத்தை முன்னேற்ற அங்கே ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்தால் போதும் என்று இன்றைக்கும் நிபுணர்கள் எழுதுகிறார்கள். பல்கலைக்கழகம் வந்தால் ஆராய்ச்சி வரும், ஆராய்ச்சியால் புதுமை வரும், புதுமையால் தொழில் வரும், ஊர் முன்னேறும் என்பது அவர்கள் கணக்கு. நாம் கேட்பது ஒன்றுதான்: எந்த ஊர்? ஊரா, சேரியா?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024 ஜூனில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப அரசின் திட்ட நிதியில் நம் பங்கை ஒதுக்கவேண்டும் என்பது 1970களிலிருந்து கொள்கையாக மட்டுமே இருந்தது. அது இப்போது சட்டம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம், பழங்குடியினர் 1.1 சதவீதம். கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் மட்டும் சுமார் 29 சதவீதம். இந்தப் பங்கு நிதி என்றாலே விடுதி, உதவித்தொகை, தொகுப்பு வீடு என்றுதான் நம் நினைவு போகிறது. அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் ஆராய்ச்சியிலும் நமக்குப் பங்கு உண்டு என்று யாரும் பேசுவதில்லை. நாமும் பேசவில்லை.

பட்டம் வந்தது, பலன்?

பல்கலைக்கழகத்தால் நமக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. அதன் தொலைநிலைக் கல்வியில் படித்து ஆசிரியராகவும் எழுத்தராகவும் ஆனவர்கள் நம் குடும்பங்களில் ஏராளம். 2013-ல் அரசு தனிச் சட்டத்தின் வழியே அதை ஏற்றுக்கொண்டது. இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் அதன் இணைப்பில் வருகின்றன. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 2021-22 அனைத்திந்திய ஆய்வின்படி தமிழகத்தில் 47 சதவீதம். இந்தியச் சராசரி 28.4 மட்டுமே. இது சமூகநீதி அரசியலின் வெற்றி, மறுப்பதற்கில்லை.

ஆனால் பட்டம் வாங்கிய பிள்ளை பேருந்து ஏறிச் சென்னைக்கும் ஓசூருக்கும் போகிறான். அவனுடைய தாய் அதே வயலில் நிற்கிறாள். பட்டம் ஆளை வெளியே கொண்டுபோகிறது. வெளியே போகாதவர்களின் வாழ்க்கையை மாற்றும் அறிவு வேறு. அந்த அறிவை உண்டாக்குவதும் பல்கலைக்கழகத்தின் வேலைதான். அங்குதான் நம் கணக்கில் பாக்கி இருக்கிறது.

காட்டுமன்னார்கோவில், புவனகிரி, சிதம்பரம் வட்டாரம் காவிரியின் கடைமடை. முப்பது ஆண்டுகளுக்கு முன் நடவு, களையெடுப்பு, அறுப்பு, கதிரடிப்பு என்று நம் பெண்களுக்குப் பருவம் முழுக்க வேலை இருந்தது. இன்று அறுவடை இயந்திரம் ஒரு ஏக்கரை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. நேரடி விதைப்பு நடவுக் கூலியைக் குறைத்தது. களைக்கொல்லி களையெடுப்பை விழுங்கியது. இவை எல்லாமே வேளாண் ஆராய்ச்சியின் வெற்றிகள். நிலம் வைத்திருப்பவருக்கு ஆள் பற்றாக்குறை என்ற கஷ்டம் தீர்ந்தது. நாங்கள் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்ல. குனிந்து குனிந்து முதுகு போன பெண்கள் அந்த வேலையே வேண்டும் என்று ஏங்கவும் இல்லை. ஆனால் ஒரு இயந்திரம் வயலுக்குள் இறங்கும்போது வயலைவிட்டு ஏறுகிறவருக்கு அடுத்து என்ன என்பதும் ஆராயவேண்டிய கேள்விதானே? இயந்திரத்துக்குச் செலவான ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்காவது அந்தக் கேள்விக்குச் செலவானதா?

எங்கள் பகுதிச் சேரிகளுக்கு ஆய்வு மாணவர்கள் வராமல் இல்லை. கேள்வித்தாளோடு வருவார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், கூலி எவ்வளவு, கழிப்பறை இருக்கிறதா என்று கேட்பார்கள். எங்கள் பெண்கள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொல்வார்கள். பிறகு யாரும் திரும்பி வரமாட்டார்கள். ஆய்வேடு எங்கோ ஒரு நூலகத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், கருப்பு அட்டையோடு இருக்கும். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே பேச்சில்லை. எல்லா இடத்திலும் வழக்கம் இதுதான்.

பிச்சாவரம் சொல்லும் பாடம்

வேறு விதமாகவும் நடக்கலாம் என்பதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பிச்சாவரம் சுரபுன்னைக் காடு பல இடங்களில் மொட்டையாகக் கிடந்தது. சுற்றுவட்டார ஏழைகள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதுமே அதற்குக் காரணம் என்பது பொதுவான குற்றச்சாட்டு. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதை ஆராய்ந்தபோது வேறு உண்மை வெளிவந்தது. பழைய நிர்வாக முறையில் காட்டைப் பகுதி பகுதியாக முழுக்க வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டிய இடத்தில் வெயில் பட்டுச் சேறு உலர்ந்து, தரை தாழ்ந்து பள்ளமானது. ஓத நீர் உள்ளே வந்தது, வெளியேற வழியில்லை. தேங்கிய நீர் ஆவியாகி உப்பு ஏறியது. அங்கே எந்தக் கன்றும் பிழைக்கவில்லை.

நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மீன் முள்ளின் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓத நீர் வந்துபோக வழி செய்தார்கள். உப்பு குறைந்தது, கரைகளில் கன்றுகள் வேர்பிடித்தன. வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து செய்த வேலை இது. 2004 சுனாமியின்போது இந்தக் காடு பின்னாலிருந்த குடியிருப்புகளுக்கு அரணாக நின்றதை நாடே பேசியது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது கால்வாயைவிட முக்கியமான ஒன்று. நேர்மையான ஓர் ஆராய்ச்சி, குற்றவாளிக் கூண்டிலிருந்து ஏழைகளை இறக்கிவிட்டது. அதே காட்டு நீரில் கழுத்தளவு இறங்கி, கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருளர்கள். எந்த வாய்க்காலில் எப்போது நீர் ஏறும், எந்தச் சேற்றில் இறால் இருக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவுக்குப் பட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை.

அலபாமாவில் ஒரு வண்டி

பல்கலைக்கழகத்தின் வேலை அறிவைத் தேடுவது, ஊர் வேலை பார்ப்பது அல்ல என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் உதாரணம் காட்டும் அமெரிக்காவிலேயே பதில் இருக்கிறது. 1862-ல் அந்நாட்டு அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதன் வருவாயில் வேளாண்மையும் தொழிற்கல்வியும் சொல்லித்தரும் கல்லூரிகளை ஏற்படுத்தியது. பின்தங்கிய வட்டாரங்களை அவை நிமிர்த்தின. ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்குக் கதவு மூடியிருந்தது. 1890-ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. பொதுவான நிறுவனம் ஒடுக்கப்பட்டவரைத் தானாக வந்தடையாது என்பதற்கு அந்த இரண்டாவது சட்டமே சாட்சி.

அதே தெற்கில், அலபாமாவின் டஸ்கிகீயில் கறுப்பின மக்களுக்காக 1881-ல் புக்கர் டி. வாஷிங்டன் ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அங்கே ஆசிரியராக வந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்து விஞ்ஞானி ஆனவர். பருத்தியையே பயிரிட்டு மண் செத்துப்போன வட்டாரம் அது. கார்வர் தம் மக்களின் கேள்வியையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். கையில் காசில்லாத குத்தகைக் குடியானவர் உரம் வாங்காமல் மண்ணை எப்படித் தேற்றுவது? நிலக்கடலை, தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி என்று மாற்றுப் பயிர்களைச் சொன்னார். எளிய மொழியில் சிறு வெளியீடுகள் எழுதினார். 1906-ல் குதிரை வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிப் பள்ளிக்கூடமே கிராமங்களுக்குப் புறப்பட்டது. புதுமை என்ற சொல்லுக்கு நாம் ஒப்புக்கொள்ளும் பொருள் அதுதான்.

நாம் கேட்கவேண்டியவை

முதலாவது, செயல்திட்டச் சட்டத்தின் நிதியில் ஒரு பகுதி பின்தங்கிய மாவட்டங்களின் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சிக்காகப் போகவேண்டும். எதை ஆராய்வது என்பதைச் சேரி மக்களும் உட்கார்ந்து முடிவு செய்யவேண்டும். துறைத்தலைவர் அறையில் அது முடிந்துவிடக் கூடாது.

இரண்டாவது, நம் வாழ்க்கையை ஆராய்ந்து பட்டம் பெறுகிறவர், அதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதி அந்தக் கிராமத்திலேயே வாசித்துக் காட்டவேண்டும். பத்துப் பக்கம் போதும். இதற்குப் பணமே தேவையில்லை, உத்தரவு போதும்.

மூன்றாவது, அறுவடை, நடவு இயந்திரங்களை வாடகைக்கு விடும் மையங்களை நிலமற்ற கூலிப் பெண்களின் குழுக்களுக்கே உடைமையாக்கவேண்டும். வேலையைப் பறித்த இயந்திரத்தின் சாவியாவது அவர்கள் கையில் இருக்கட்டும். ஓட்டவும் பழுது பார்க்கவும் பல்கலைக்கழகம் பயிற்சி தரட்டும்.

நான்காவது, நம் இளைஞர்களின் புத்தொழில்களுக்கென்று 2022-23 நிதிநிலை அறிக்கையில் ரூ.30 கோடி நிதியை அரசு அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் கிள்ளையில் இறால் பிடிக்கும் குடும்பத்துப் பட்டதாரிக்குத் திட்ட அறிக்கை எழுதக் கற்றுத்தர ஆள் வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் கல்லூரியோடு சேர்ந்த ஓர் உதவி மையம் இல்லாமல் அந்த நிதி சென்னையைத் தாண்டி வராது.

சகஜானந்தா பள்ளி தொடங்கியபோது நம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டக் கற்றால் போதும் என்ற நிலை. அந்தப் பிள்ளைகளின் பேரன் பேத்திகள் இன்று ஆய்வு மாணவர்களாக இருக்கிறார்கள். இவர்களிடம் நாம் கேட்பது ஒன்று உண்டு. தலைப்பு தேடி நூலகத்துக்குப் போகுமுன் ஒருமுறை உங்கள் தெருவுக்கு வாருங்கள். அம்மா இந்தப் பருவத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போனாள் என்று கேளுங்கள். தலைப்பு அங்கேயே கிடைக்கும்.