என்ன தப்பு என்று சொல்லாத பரீட்சை

 

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் என்னிடம் விலங்கியல் படித்தவள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறாள்.

"சார், இன்டர்னல் பிராக்டிகல்ல போச்சு சார்" என்றாள். குரலே சரியில்லை.

"எதுல தப்பு விட்டேம்மா?"

"தெரியலை சார். போர்டுல மார்க் மட்டும்தான் ஒட்டியிருந்தாங்க."

அந்தத் 'தெரியலை சார்'தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இன்டர்னலில் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வே எழுத முடியாது. முதலாண்டுத் தேர்வை நான்கு முயற்சிக்குள் முடித்தாக வேண்டும். இவ்வளவு கடுமையான விதி இருக்கும் இடத்தில், எங்கே சறுக்கினாய் என்று பிள்ளைக்குச் சொல்ல ஒரு வரி கூடவா இல்லை?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லவில்லை. நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன். நாளைக்கு என் கையைப் பிடித்து நாடி பார்க்கப்போகிறவர் அரைகுறையாகப் படித்திருக்கக் கூடாது. அதனால்தான் கேட்கிறேன். தப்பு என்ன என்று தெரியாமலே அடுத்த முறை பாஸ் ஆகிறவர், அந்தத் தப்போடுதானே டாக்டர் ஆவார்?

வழி இல்லாமல் இல்லை. 1975-இலேயே ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் 'ஆஸ்கி' என்ற தேர்வு முறையை எழுதி வெளியிட்டார். மாணவர் வரிசையாகப் பல மேஜைகளுக்குப் போவார். ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒரு வேலை. எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே சரிபார்ப்புப் பட்டியல். ரத்த அழுத்தம் பார்ப்பது என்றால், நோயாளியிடம் சொல்லிவிட்டு ஆரம்பித்தாரா, பட்டையைச் சரியாகச் சுற்றினாரா, முதலில் நாடி பிடித்துப் பார்த்தாரா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள். ஆங்கிலம் சரளமாக வருகிறதா, தேர்வாளர் அன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறார் என்பதற்கெல்லாம் அங்கே இடம் குறைவு. தோற்றாலும் எந்தப் படியில் தோற்றோம் என்று தெரியும்.

நம் நாட்டிலும் 2019-இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தது. திறனைச் செய்து காட்ட வேண்டும், லாக் புக்கில் பதிய வேண்டும், ஆசிரியர் குறை நிறை சொல்ல வேண்டும் என்றெல்லாம் காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் காகிதத்தைப் பற்றி நமக்குத் தெரியாதா? பள்ளியில் வளரறி மதிப்பீடு வந்தபோது எத்தனை பேர் கடைசி வாரம் உட்கார்ந்து பதிவேட்டை நிரப்பினோம்? நானும் நிரப்பியிருக்கிறேன். அந்தக் குற்ற உணர்வோடுதான் இதை எழுதுகிறேன்.

"ஒரு வகுப்பில் 150, 250 பேர், எங்கே நேரம்?" என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். நியாயம்தான். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டியது அரசின் கடமை. ஆனால் அந்தப் பட்டியலை முன்கூட்டியே கொடுப்பதற்கும், குறித்த தாளைத் திருப்பித் தருவதற்கும் புதிதாக ஆள் வேண்டாமே?

அந்தப் பெண்ணிடம், "துறைக்குப் போய்க் கேளும்மா" என்றேன். "தப்பா எடுத்துப்பாங்க சார்" என்று பயந்தாள். இரண்டு நாள் கழித்துப் போயிருக்கிறாள். உதவிப் பேராசிரியை ஒருவர் உட்கார வைத்து, "உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா நாடி பார்க்காம நேரா காத்தை ஏத்திட்டே" என்று செய்து காட்டியிருக்கிறார். பத்தே நிமிடம். இனி ஆயுசுக்கும் அதை மறக்க மாட்டாள்.

அந்த அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் அந்தப் பத்து நிமிடம் அதிர்ஷ்டத்தால் கிடைக்கக் கூடாது. விதியாக இருக்க வேண்டும்.

மருத்துவக் கல்லூரியில் பணிபுரியும் நண்பர்கள் அவசியம் கருத்துச் சொல்லுங்கள். நான் சொன்னதில் தப்பு இருந்தால் திருத்துங்கள். என்ன தப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.