பாபி ஜிந்தாலும் கட்டாத ஃபீஸும்

இது கொஞ்சம் கடுப்பில் எழுதுவது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முசிறியில் எங்கள் வழக்கமான டீக்கடை. பெரியப்பாவும் அவர் செட்டும் அமெரிக்க அரசியலை அலசிக்கொண்டிருந்தார்கள். 2020ல் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்குக் கோலம் போட்டதில் ஆரம்பித்து, நிக்கி ஹேலி, விவேக் ராமசாமி என்று சுற்றி, கடைசியில் பெரியப்பா ஒரு பெருமூச்சு விட்டார். "இவங்களுக்கெல்லாம் முன்னாடியே ஒருத்தன் நின்னான்டா, பாபி ஜிந்தால். நம்மாளு. வெள்ளைக்காரன் விடுவானா?"

பெரியப்பா, மன்னிக்கணும். கதை அது இல்லை.

தெரியாதவர்களுக்கு: ஜிந்தாலின் அப்பா அம்மா பஞ்சாபிலிருந்து போனவர்கள். அவர் பிறந்தது லூசியானாவில், 1971ல். 2007ல் அந்த மாநிலத்துக்கு கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் (அங்கே கவர்னர் என்றால் நம்மூர் ராஜ்பவன் கவர்னர் இல்லை, ஓட்டு வாங்கி ஜெயித்து வரும் முதல்வர் மாதிரி). 2011ல் மறுபடி ஜெயித்தார், அதுவும் 65 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கி. அந்த மக்களும் வெள்ளைக்காரர்கள்தானே? விட்டார்களே!

2015 ஜூன் 24 அன்று குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஆகப்போவதாக அறிவித்தபோது, இந்தியர்கள் ட்விட்டரில் அவரைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். பியூஷ் என்ற பெயரை விட்டுவிட்டார், மதம் மாறிவிட்டார், 'இந்திய-அமெரிக்கர்' என்று சொல்லாதே என்கிறார் என்று. எனக்கு அதிலும் உடன்பாடு இல்லை. பெயரும் சாமியும் அவரவர் இஷ்டம். பெரியப்பா 'நம்மாளு' என்று கொண்டாடுவதும், இவர்கள் 'நம்மாளு இல்லை' என்று திட்டுவதும் ஒரே நோய்தான். இரண்டு கோஷ்டியும் ஆளின் ஜாதகத்தைப் பார்த்தார்களே தவிர, கணக்கு நோட்டைப் பார்க்கவில்லை.

நான் பி.காம். நோட்டைத்தான் பார்ப்பேன்.

2008ல் பெரிய வருமானவரிக் குறைப்பு ஒன்றில் ஜிந்தால் கையெழுத்துப் போட்டார். அதே நேரம் பொருளாதாரச் சரிவு வந்தது. பிறகு எண்ணெய் விலையும் விழுந்தது. இதெல்லாம் அவர் தப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரவு குறைந்தபோதெல்லாம் கத்தி விழுந்த இடங்களில் முக்கியமானது காலேஜ். 2008க்கும் 2015க்கும் நடுவில் ஒரு மாணவனுக்கு மாநிலம் கொடுத்த பணம் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஃபீஸ் ஏறியது. 2015ல் பட்ஜெட்டில் விழுந்த துண்டு மட்டும் 160 கோடி டாலர். அந்த ஏப்ரலில் லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி, கிட்டத்தட்ட திவாலுக்குச் சமமான ஒரு அறிவிப்புக்கே தயாராக ஆரம்பித்தது.

சட்டசபை ஒருவழியாகப் பணம் திரட்டியது. சிகரெட் பாக்கெட்டுக்கு 50 சென்ட் வரி ஏற்றினார்கள், கம்பெனிகளின் வரிச்சலுகையைக் கொஞ்சம் வெட்டினார்கள். நல்ல விஷயம்தானே? ஜிந்தாலுக்கு அங்கேதான் சிக்கல். வாஷிங்டனில் வரி எதிர்ப்பு சங்கம் நடத்தும் க்ரோவர் நார்க்விஸ்ட் என்பவரிடம் 'வரி ஏற்ற மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் ஏற்றினால் இன்னொரு பக்கம் அதே அளவு குறைத்துக் காட்ட வேண்டும். ஜனாதிபதி கனவு வேறு இருக்கிறது, கறை படியக்கூடாது.

என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு மாணவன் பெயரிலும் சுமார் 1,500 டாலர் புது ஃபீஸ் போட்டார்கள். அதை மாணவன் கட்ட வேண்டாம். அதே தொகைக்கு அவன் பெயரில் ஒரு வரிச்சலுகை எழுதினார்கள். அதையும் அவன் வாங்க முடியாது. எல்லாம் பேப்பரில். மொத்தம் சுமார் 35 கோடி டாலருக்கு 'வரி குறைத்தோம்' என்று காட்டிவிட்டார்கள். நம்மூர் பாஷையில், கவரே கொடுக்காமல் மொய் நோட்டில் 1,500 எழுதி, அடுத்த வரியிலேயே 'திரும்பக் கொடுத்தாச்சு' என்று எழுதுவது. எங்கள் கிளாஸில் யாராவது இப்படி என்ட்ரி போட்டால் அக்கவுண்ட்ஸ் சார் நோட்டை ஜன்னல் வழியாக வீசுவார். அவர் கட்சி எம்.எல்.ஏ.க்களிலேயே சிலர் கொதித்துப்போய் நார்க்விஸ்டுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆனாலும் சட்டம் நிறைவேறியது. கூட்டத்தொடர் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அய்யா மேடையேறி வேட்பாளர் ஆகிவிட்டார்.

இத்தனைக்கும் 2013ல் 'நம் கட்சி முட்டாள் கட்சியாக இருப்பதை நிறுத்த வேண்டும்' என்று சொன்னவரும் இவரேதான் :-)

சரி, பலன்? நாடு தழுவிய கருத்துக்கணிப்பில் ஒரு சதவீதத்தைச் சுற்றியே நின்றார். ஒரு தடவைகூட முக்கிய விவாத மேடைக்கு வரவில்லை, எல்லாம் சாயங்காலக் குட்டி மேடைதான். நவம்பர் 17ல் விலகினார். நாலே நாளில் லூசியானா மக்கள் எதிர்க்கட்சியின் ஜான் பெல் எட்வர்ட்ஸை கவர்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த வருஷமே டிரம்ப் சுலபமாக ஜெயித்த மாநிலம் அது!

ஜெயிக்கவே வாய்ப்பில்லாத ஒரு பந்தயத்துக்காக இவ்வளவும். ஆசைப்படுவது தப்பில்லை பெரியப்பா, எனக்கும் சி.ஏ. ஆசை இருக்கிறது. அதற்காகப் பக்கத்து பெஞ்சுக்காரன் ஃபீஸ் ரசீதில் நான் கைவைக்க முடியுமா?

2016-17ல் அந்த மாநிலத்தின் டாப்ஸ் உதவித்தொகைக்கு முழுப்பணம் ஒதுக்க முடியவில்லை. இரண்டாவது செமஸ்டருக்குப் பாதிகூடக் கிடைக்கவில்லை. மிச்சத்தை மாணவர்கள்தான் தேடிக் கட்டினார்கள், இந்தத் தடவை நிஜப் பணமாகவே.